நாக்கில் படாத உப்பு

ஒன்பதாம் அத்தியாயம்

பூட்டைத் திறக்கும்போது சத்தம் வரக்கூடாது என்று ஜன்னத் முந்தானையைச் சுற்றிப் பிடித்துத்தான் சாவியைத் திருகினாள். அப்படியும் பஷீர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"சஹருக்கு நேரமாச்சா?"

"ஆச்சுங்க. மூஞ்சி கழுவிட்டு வாங்க. விடியறதுக்குள்ள தின்னோணும், தட்டுல போட்டுத் தாரேன்."

சோற்று அலமாரிக்குப் பூட்டுப் போட்ட வீடு கோட்டைமேட்டில் இது ஒன்றாகத்தான் இருக்கும். பூட்டியவள் கருமி இல்லை. மூளையில் இருந்த கட்டியை எடுத்து பஷீர் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவருக்கு வயிறு நிறைவது என்பதே இல்லாமல் போயிருந்தது. வைத்ததைத் தின்பார். மூடி வைத்ததைத் தேடித் தின்பார். நாலு வீட்டுச் சோறு தின்ற பிறகும் கண் அடுப்பைத்தான் பார்க்கும்.

பிரியாணி மாஸ்டர் பஷீர் என்றால் மேட்டுப்பாளையம் ரோடு முழுக்கத் தெரியும். துடியலூர்க் கல்யாணத்தில் அந்தப் பேரும் போயிற்று. பந்தி போடுவதற்கு முன்னாலேயே ஒரு பேசின் கறியை அவர் ஒருவராகத் தின்று முடித்திருந்தார். பெண் வீட்டார் அடுப்பு அணைவதற்குள் அவரை பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் யாரும் அவரை அடுப்படிக்குக் கூப்பிடவில்லை.

இன்றைக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

முதல் நோன்பு. பள்ளிவாசல் கஞ்சிக் கொட்டகை. தம்பி முகமது யூசுப் கமிட்டியில் எழுந்து நின்று கேட்டு வாங்கிய நாள் இது. "ஒரே ஒரு நாள் விட்டுப் பாருங்க. அண்ணன் நோன்போட நின்னு கஞ்சி காச்சிட்டாருன்னா இந்த ரமலான் பூரா அவருக்கே குடுங்க. இல்லாட்டி இனிமேல் அவருக்காக நான் வாயத் திறக்க மாட்டேன்" என்று சொல்லியிருந்தான்.

போதும் என்பதே தெரியாத மனுசர், வெறும் வயிற்றோடு, ஊருக்கே காய்ச்சும் கஞ்சி அண்டாவின் பக்கத்தில் சாயங்காலம் வரைக்கும் நிற்க வேண்டும். ஒரு சொட்டு உள்ளே போனாலும் நோன்பும் போச்சு, வேலையும் போச்சு. தம்பி முகமும் போச்சு.

ஜன்னத் தட்டை வைத்தாள். மகள் இல்மா எதிரில் உட்கார்ந்து அத்தாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிளஸ் டூ படிக்கிற பெண்.

"அத்தா, ஒண்ணு கேக்கட்டுங்களா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு அம்மணி."

"போன மாசம் ரெண்டு நோன்பு வெச்சுப் பாத்தீங்கல்ல. பகல் முழுக்கப் பச்சத்தண்ணி தொடல நீங்க. பொழுது சாஞ்சு திங்க உக்காந்தீங்க, எந்திரிக்கவே இல்ல. பகல்ல இருக்கற அத்தா வேற, அந்தீல வர்ற அத்தா வேறயா?"

"ஏய், பெத்தவரப் பாத்துக் கேக்கற கேள்வியா இது?" என்றாள் ஜன்னத்.

"கேக்கட்டும் விடு. நானும் அதையேதான் கேட்டுட்டிருக்கேன்." பஷீர் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். யோசித்தார். "நோன்புன்னா நான் ஒரே ஒருதரந்தான் வேண்டாம்னு சொல்றேன் கண்ணு. இன்னைக்கு நோன்புன்னு மனசுல நிய்யத் வெக்கறப்பச் சொல்லிர்றேன். அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது. திங்க உக்காந்தா அப்படியில்ல. ஒவ்வொரு வாய்க்கும் வேண்டாம் வேண்டாம்னு சொல்லோணும். கொஞ்ச நேரம் சொல்றேன். அப்பறம் நான் சொல்றதுக்குள்ள கை போயிருது."

இல்மா அம்மாவைப் பார்த்தாள். ஜன்னத் அலமாரியைப் பூட்டினாள். ஆனால் அந்தப் பேச்சு அவள் மனசில் விழுந்துவிட்டது. சிங்காநல்லூர் பஸ்ஸில் போகும்போதும் அதையேதான் உருட்டிக்கொண்டு போனாள்.

*

டாக்டர் கோபாலசாமியிடம் மாத்திரை வாங்க வேண்டியிருந்தது. ஆபரேசன் பண்ணியவர் அவரில்லை. அதற்கப்புறம் பார்த்துக்கொள்பவர். கூட்டம் குறைவாக இருந்ததால் ஜன்னத்துக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"ஏனுங்க டாக்டர், நோன்பு வெக்கலாமுன்னு நீங்கதான் சொன்னீங்க..."

"ஆமாம்மா. மாத்திரை ரெண்டு வேளைதான். விடியறதுக்கு முன்னால ஒண்ணு, பொழுது சாஞ்சு ஒண்ணு. தலை சுத்துனா, கண்ணு இருட்டுனா, உடனே நோன்ப விட்டுடணும். அதச் சொன்னீங்களா அவருகிட்ட?"

"சொன்னனுங்க. நான் கேக்க வந்தது வேற." அவள் புடவைத் தலைப்பைத் திருகினாள். "எனக்குந்தானுங்க பசிக்குது. சாப்பிடறேன். ஒரு இடத்துல போதும்னு தோணுது, எந்திரிக்கறேன். எனக்கு அதை யாருங்க சொல்றது?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். இத்தனை வருசத்தில் இப்படிக் கேட்டவர்கள் யாரும் இல்லை போலிருக்கிறது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மூளைக்கு அடியில, கண்ணுக்குப் பின்னால, ஒரு இடம் இருக்கு. பாதாம் பருப்பு அளவுதான். வயிறு ரொம்பிச்சா, உடம்புல இருப்பு எவ்வளவு இருக்கு, எல்லாச் சேதியும் ரத்தம் வழியாவும் நரம்பு வழியாவும் அங்க போய்ச் சேருது. அது பாத்துத்தான் போதும்னு சொல்லுது. உங்க வீட்டுக்காரருக்குக் கட்டி அந்த இடத்தை ஒட்டி இருந்தது. கட்டிய எடுத்தாச்சு. இடம் அடிபட்டுப் போச்சு."

"அப்ப வயிறு ரொம்புனது அவருக்குத் தெரியாதுங்களா?"

"தெரியும். வயிறு இழுக்கும், வலிக்கும். ஆனாப் போதும்னு தோணாது. வயிறு சேதி அனுப்புது. வாங்கிக்க அங்க ஆளில்ல. அனுப்புனவன் மேல என்ன தப்பு?"

ராத்திரிகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு, இன்னும் கொஞ்சம் சோறு இருக்குதா என்று அவர் கேட்டதெல்லாம் ஜன்னத்துக்கு நினைவு வந்தது. வயிறு வலிக்குதென்கிறவர் எதற்குச் சோறு கேட்கிறார் என்று அவள் அப்போது திட்டியிருக்கிறாள்.

"அப்பறம் நோன்பு மட்டும் எப்படிங்க புடிக்கறாரு?"

"அது நெத்திக்குப் பின்னால இருக்கற மூளை. இப்பத் தின்னா பின்னால என்ன ஆகும்னு பாக்கற எடம். சாமி இருக்கு, மானம் இருக்கு, புள்ள பாக்குதுன்னு எல்லாம் நெனச்சுப் பாக்கற எடம். அது அவருக்கு நல்லா இருக்கு. கீழ பசி கத்துது, மேல இருந்து இது புடிச்சு வெக்குது."

"அப்படிப் புடிச்சே வெச்சுக்கலாமில்லீங்க? எந்நேரமும்?"

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"நூல் மில்லுல கழிவுப் பஞ்சு பிரிக்கறனுங்க."

"ஒரு பஞ்சு மூட்டையத் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சுட்டு நில்லுங்கன்னா நிப்பீங்களா?"

"கொஞ்ச நேரம் நிப்பனுங்க."

"ஒரு நாள் நிக்கச் சொன்னா?"

அவள் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு நின்றது. பஷீர் தலைக்கு மேல் அந்த மூட்டையை எத்தனை காலமாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று கணக்குப் பார்க்கப் பயமாக இருந்தது.

"எங்களுக்கே முழுசாத் தெரியாதும்மா" என்றார் டாக்டர். "இப்பத் தொண்ணூத்தி நாலுலதான், உடம்புல இருக்கற கொழுப்பே மூளைக்குச் சேதி அனுப்புதுன்னு வெளிநாட்டுல எலியில கண்டுபுடிச்சிருக்காங்க. மனுசனுக்கு இன்னும் மருந்து வரல. ஆனா ஒண்ணு. பேராசையில திங்கறாருன்னு யாரும் சொல்ல விடாதீங்க."

சொல்கிற ஆளே அவர் கூடப்பிறந்த தம்பிதான் என்று ஜன்னத் சொல்லவில்லை. "வாரனுங்க" என்று மாத்திரையை வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

*

கொட்டகையில் அதற்குள் விறகு பிடித்துவிட்டது.

கூட வேலைக்கு நின்றவன் சஹீர். நல்ல பலசாலி. துடுப்புப் போட்டு அண்டாவைக் கலக்குவதற்கென்றே பிறந்த தோள். யூசுப் காலையிலேயே அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணன் மேல ஒரு கண்ணு இருக்கட்டும்" என்று சொல்லியிருந்தான். அதைச் சொல்ல யூசுப்புக்கு வெட்கமாகத்தான் இருந்தது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

எண்ணெயும் நெய்யும் காய்ந்து, பட்டை கிராம்பு வெடித்து, வெங்காயம் விழுந்தது. பஷீருக்கு அந்த வாசம் மூக்கில் ஏறியதும் வாய் முழுக்கத் தண்ணீர் ஊறியது. விழுங்கினார். மறுபடியும் ஊறியது.

பசி இப்போது எங்கே இருக்கிறது என்று பார்த்தார். வயிற்றிலா? இல்லை, வயிறு சும்மா கிடந்தது. நெஞ்சுக்கும் தொண்டைக்கும் நடுவில் யாரோ நின்றுகொண்டு கையை நீட்டுவது போல இருந்தது. 'யார்றா நீ?' என்று மனசுக்குள் கேட்டுப் பார்த்தார். பதில் இல்லை. கை மட்டும் நீண்டுகொண்டே இருந்தது. இவர் இங்கே நின்று அதைப் பார்க்கிறார் என்றால், இவர் வேறு அது வேறு என்றுதானே ஆகிறது? இந்த யோசனை அவருக்குப் பிடித்திருந்தது. அதையே பிடித்துக்கொண்டு துடுப்பைப் போட்டார்.

இப்படி யோசனையில் நிற்கும்போதுதான் அவர் கை உப்பு மூட்டையில் போய் ஒரு படி அள்ளி வெங்காயத்தில் கொட்டியது.

பிரியாணிக்கு அப்படித்தான். வெங்காயம் வதங்கும்போதே உப்புப் போட்டால் சீக்கிரம் சுருளும். ஆயிரம் கல்யாணத்தில் போட்டுப் பழகிய கை. கஞ்சிக்கு அந்த வழக்கம் இல்லை. அரிசி நொய்யும் பாசிப்பருப்பும் வெந்து, தேங்காய்ப்பால் ஊற்றி, இறக்கப் போகும்போதுதான் உப்பு. கை செய்ததை பஷீர் கவனிக்கவில்லை. அவர் கவனமெல்லாம் வாயில் இருந்தது. சஹீர் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் இருந்தான். அவனும் பார்க்கவில்லை.

மத்தியான லுஹர் தொழுகை முடிந்தது. நொய் கரைந்து கஞ்சி கனமாகக் குமிழி விட ஆரம்பித்தது.

"மாஸ்டர், தேங்காப்பால் எடுத்துட்டு வந்தர்றனுங்க" என்று சஹீர் போனான். தேங்காய் ஆட்டுகிற மில் ரெண்டு சந்து தள்ளி.

பஷீர் தனியாக நின்றார். அப்போது ஒரு குமிழி பெரிதாக வெடித்து, கஞ்சி அவர் புறங்கையில் தெறித்தது.

சூடு சுரீர் என்றது. சூடுபட்ட கை எங்கே போகும்? எல்லோருக்கும் வாய்க்குத்தான் போகும். அவர் கையும் கிளம்பிவிட்டது. மோவாய் வரைக்கும் வந்துவிட்டது. வெந்த நொய்யின் மணமும் பூண்டின் மணமும் உதட்டுக்குக் கீழே.

கை அங்கேயே நின்றது.

எத்தனை நேரம் என்று தெரியாது. நிறுத்தியது யார் என்றும் அவருக்குத் தெரியவில்லை. நெற்றியில் வேர்த்துக் கொட்டியது. ஓடிப்போய் சாக்கடை ஓரம் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, கையைக் கழுவினார். ஊறியிருந்த எச்சிலைத் துப்பினார். வாயைக் கொப்பளித்துத் துப்பினார். மறுபடியும் துப்பினார்.

தேங்காய்ப்பால் வாளியோடு வந்த சஹீர் பார்த்தது இதைத்தான். அண்டா பக்கத்தில் யாரும் இல்லை. மாஸ்டர் சாக்கடை ஓரம் உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

சஹீர் வாளியை இறக்கி வைத்தான். பால் ஊற்றியாயிற்று. பஷீர் வழக்கப்படி பிஸ்மில்லா சொல்லி ஒரு படி உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கினார்.

"உப்புப் பாக்கலீங்களா மாஸ்டர்?" என்றான் சஹீர். நோன்பு வைத்த சமையல்காரர் நாக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம். அதற்கு அனுமதி உண்டு. எல்லா மாஸ்டரும் செய்வதுதான்.

"வேண்டாம்" என்றார் பஷீர்.

"நான் பாக்கட்டுங்களா?"

"எங்கைக்கு அளவு தெரியும்டா. நீ போயி தொழுகைக்குக் கைகால் கழுவி ஒலு செஞ்சுட்டு வா."

*

சாயங்கால அசர் தொழுகைக்கு அப்புறம் பெண்கள் ஜன்னல் பக்கம் கஞ்சி வாங்கத் தூக்குப்போசிகளோடு வரிசை நின்றது. ஜன்னத்தும் நின்றாள். உள்ளே யூசுப்பின் குரல் கேட்டது. மிளகு மண்டியில் கூலியாட்களை விரட்டிப் பழகிய குரல். அடக்கிப் பேசினாலும் வெளியே வரும்.

"அண்ணே, மத்தியானம் சாக்கடைகிட்ட என்ன பண்ணீட்டிருந்தீங்க?"

"வாய் கொப்புளிச்சேன்."

"எதுக்கு?"

"எச்சி ஊறுச்சு."

"எச்சி ஊறுனா முழுங்கறதுதானுங்க. அதுக்கு நோன்பு போகாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?" யூசுப் ஒரு எட்டு கிட்டே வந்தான். "கமிட்டியில நான் எந்திரிச்சு நின்னு பேசினேன். தின்னுருந்தா தின்னேன்னு சொல்லீருங்க. நான் வேற எதாச்சும் சொல்லிச் சமாளிச்சுக்கறேன். முடியலீன்னா முதல்லயே சொல்லியிருக்கலாமில்ல? ருசி கண்ட நாக்கு, அடக்க முடியாதுன்னு..."

"நான் நோன்பாளிடா யூசுப்பு."

"துடியலூர்லயும் இப்படித்தான் முதல்ல இல்லீன்னீங்க."

பஷீர் அகப்பையை எடுத்தார். கொட்டகைக்குள் நின்ற பத்துப் பேரும் கேட்டார்கள். வரிசையில் நின்ற பெண்களும் கேட்டார்கள். ஒருத்தி இருமினாள். இன்னொருத்தி தன் போசியின் மூடியைத் திறந்து மூடினாள்.

பஷீர் ஜன்னலுக்கு வந்து ஜன்னத்தின் போசியை வாங்கினார். அகப்பையால் ஊற்றினார்.

"நீயாச்சும் நம்பறயா?"

அவள் அவர் உதட்டைப் பார்த்தாள். காய்ந்து வெடித்திருந்தது. நம்புகிறேன் என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். டாக்டர் அத்தனை சொல்லியும், பூட்டிப் பூட்டிப் பழகிய மனசு ஒரு நொடி தயங்கியது. அந்த ஒரு நொடியை அவர் பார்த்துவிட்டார். போசியை நீட்டிவிட்டு அடுத்த பெண்ணிடம் போனார்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. ஜன்னல் ஓரமாகவே நின்றுகொண்டாள்.

*

கொட்டகையை ஒட்டிய பள்ளிவாசல் முற்றத்தில் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் பேரீச்சம்பழமும் தண்ணீரும் கஞ்சிக் கிண்ணமும். பஷீர் பக்கத்தில் யூசுப் வந்து உட்கார்ந்தான். பாசத்தில் உட்கார்ந்தானா, காவலுக்கு உட்கார்ந்தானா என்று அவனுக்கே தெரியாது.

பொழுது சாய்ந்தது. நோன்பு திறக்கப் பாங்கு சொன்னார்கள்.

பேரீச்சம்பழம் போயிற்று. தண்ணீர் போயிற்று. கிண்ணங்கள் எழும்பின.

முதலில் முன்வரிசையில் ஒருவர் புரையேறி இருமினார். அப்புறம் வரிசை முழுக்க இருமல்.

"யா அல்லா! என்ன இது, கடல் தண்ணியில காச்சுனதா?"

"முத்தவல்லி, மாத்தி ஊத்திட்டாங்க போலிருக்கு, இது ஊறுகாய்ச் சாறுங்க!"

"ஒரு நாள் தாகத்துக்கு இன்னொரு நாள் தாகத்தச் சேத்துக் குடுத்துப்போட்டாங்களே!"

சிலர் சிரித்தார்கள். சிலர் கிண்ணத்தைக் கீழே வைத்துத் தண்ணீருக்குக் கை நீட்டினார்கள். யூசுப் ஒரு வாய் குடித்ததும் அவன் முகம் கோணியது. ஒரு படி இல்லை, ரெண்டு படி உப்பு. எந்த மாஸ்டர் இப்படிப் போடுவான்? ஒரு சொட்டு நாக்கில் பட்டிருந்தால்...

அங்கே அவன் நினைப்பு நின்றது.

ஒரு சொட்டு நாக்கில் பட்டிருந்தால் அண்ணனுக்குத் தெரிந்திருக்கும். இன்னும் ரெண்டு வாளித் தண்ணீரும் நாலு படி நொய்யும் சேர்த்து அசருக்குள் சரி செய்திருப்பார். அண்ணன் தின்னவில்லை. தின்பது இருக்கட்டும், அனுமதி உள்ள அந்த ஒரு சொட்டைக்கூட அவர் நாக்கில் வைக்கவில்லை.

அதைச் சொல்ல அவன் திரும்பினான்.

பஷீர் குடித்துக்கொண்டிருந்தார். முதல் கிண்ணம் காலி. ரெண்டாவது காலியாகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒருவர் வைத்துவிட்டுப் போன கிண்ணத்துக்கு இடது கை ஏற்கெனவே போயிருந்தது. முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை, ஒரு சந்தோசமும் இல்லை.

"அண்ணே. உப்பு தெரியலீங்களா?"

"தெரியுதே. வாயெல்லாம் கரிக்குது."

"அப்பறம் ஏனுங்க குடிக்கறீங்க?"

பஷீர் கிண்ணத்துக்கு மேலாக அவனைப் பார்த்தார். கேள்வி அவருக்கும் புதிதாக இருந்தது போல் யோசித்தார்.

"அதாண்டா எனக்கும் தெரியல. புடிக்கல. குமட்டுது. கை நிக்க மாட்டேங்குது."

சொல்லிவிட்டு மறுபடியும் குடித்தார்.

யூசுப் இந்த ரெண்டு வருசமும் ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். அண்ணனுக்கு ருசி விடவில்லை, நாக்கு நீளம். ருசிக்காகத் தின்கிறவன் இந்தக் கஞ்சியை மூன்று கிண்ணம் குடிப்பானா? ஊரே துப்புகிறது. இவர் கண்ணில் தண்ணீரோடு குடிக்கிறார். குடிப்பவர் ஒருவர், பார்ப்பவர் ஒருவர் என்று ஒரே முகத்துக்குள் ரெண்டு பேர் இருந்தார்கள்.

அவன் கையை நீட்டிக் கிண்ணத்தின் வாயை மூடினான்.

"போதுங்ணா."

பஷீரின் கை நின்றது.

"போதுமா?" என்றார். மணி என்ன ஆச்சு என்று கேட்பது போலக் கேட்டார்.

"போதும். வயிறு ரொம்பியிருச்சு உங்களுக்கு. நான் பாத்துட்டுத்தான் இருக்கேன்."

பஷீர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். நெடுநேரம் சுமந்த எதையோ இறக்கி வைத்தவர் போல மூச்சு விட்டார்.

யூசுப் எழுந்து நின்றான். தொழுகைக்கு எழுந்துகொண்டிருந்தவர்கள் அவனைப் பார்த்தார்கள்.

"ஒரு வார்த்தைங்க. கொட்டகையில பத்துப் பேரு முன்னால நான் எங்கண்ணன் நோன்பு மேல பழி போட்டேன். இந்தக் கஞ்சிய எல்லாரும் குடிச்சீங்க. நாக்குல ஒரு சொட்டு வெச்ச ஆளு காச்சுன கஞ்சியா இது?"

பின்வரிசையில் ஒருவர், "நோன்புக்குச் சாட்சி நல்லாத்தான் கரிக்குது" என்றதும் சிரிப்பு எழுந்தது. சஹீர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான்.

பள்ளிவாசல் பொறுப்பைப் பார்க்கும் முத்தவல்லியும் சிரித்தார். பிறகு தாடியைத் தடவினார்.

"நோன்பு உண்மை, ஒத்துக்கறேன். கஞ்சி கெட்டதும் உண்மைதானே யூசுப்பு? ஒரு சொட்டு நாக்குல வெக்கப் பயப்படற மாஸ்டர்கிட்ட நாளைக்கு அண்டாவ எப்படிக் குடுக்கறது? நீயே சொல்லு."

பதில் பெண்கள் ஜன்னலில் இருந்து வந்தது.

"ஏனுங்க, நான் சொல்லலாங்களா?" ஜன்னத் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "கை அவரோடதா இருக்கட்டும். உப்பு நான் பாக்கறனுங்க. நாக்கு நுனியில வெச்சுத் துப்பறதுதானுங்க? அது எனக்கும் ஆகும்."

"பொம்பளைங்க கொட்டகைக்குள்ள வந்த வழக்கம் இல்லியேம்மா."

"ஒரு கிண்ணத்துல ஊத்தி இந்த ஜன்னல்ல நீட்டச் சொல்லுங்க. நான் வெளியவே நிக்கறேன்."

முத்தவல்லி ஜன்னலையும் அண்டாவையும் மாறி மாறிப் பார்த்தார். "ராத்திரி தராவீஹ் தொழுகை முடிஞ்சு கமிட்டியில பேசிச் சொல்றேன்" என்று உள்ளே போனார்.

*

தொழுகை முடிந்து மூவரும் சந்து வழியே நடந்தார்கள். ரெண்டு பக்கமும் சமோசாவும் வடையும் எண்ணெயில் பொரிந்தன. பஷீர் நடுவில் நடந்தார். தலையைக் குனிந்து, தன் செருப்பையே பார்த்துக்கொண்டு.

ஜன்னத் அவர் பக்கம் நெருங்கி வந்தாள். "நீங்க கேட்டப்ப நான் உடனே சொல்லல. மனசுல வெச்சுக்காதீங்க."

"பாத்தேன். விடு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் நடையைக் குறைத்து அவளோடு சேர்ந்து நடந்தார்.

ஒரு வடைக் கடையைத் தாண்டினார்கள். இன்னொன்றைத் தாண்டினார்கள். மூன்றாவது கடையில் அவர் கால் தானாக நின்றது.

"யூசுப்பு."

"சொல்லுங்ணா."

"நீ போதும்னு சொன்னயில்ல, அப்ப எனக்குள்ள எதுவும் போதும்னு சொல்லல. ஆனாக் கை நின்னுது. எப்படின்னு தெரியல. உன் சத்தத்துக்கு நின்னுது."

"செரிங்ணா, வாங்க போலாம்."

"நாளைக்கும் எம்பக்கத்துல உக்காருவியா?"

"உக்காருவனுங்க."

"நாளான்னைக்கு?"

"உக்காருவேன்."

"நோன்பு முடிஞ்சு?" பஷீர் இப்போது கடையைப் பார்க்கவில்லை. தம்பி முகத்தைப் பார்த்தார். "காலையில, மத்தியானம், ராத்திரி? ஒவ்வொரு வாய்க்கும்?"

யூசுப் வாயைத் திறந்தான். மண்டி இருந்தது, அவனுக்கென்று ஒரு குடும்பம் இருந்தது. ஒரு சொல்தான், ஆனால் அதைத் தினமும் மூன்று வேளையும் ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

அந்தச் சொல் எவ்வளவு கனம் என்று ஜன்னத்துக்குத் தெரியும். இதுவரைக்கும் அவள் ஒருத்தியாகத்தான் தூக்கிக்கொண்டிருந்தாள். அவன் என்ன சொல்லப்போகிறான் என்று, கையில் கரிக்கிற கஞ்சியோடு, அவள் காத்து நின்றாள்.